சங்கத்துப் பணம் எங்கே போகிறது? அமெரிக்க கார் தொழிலாளர் சங்கத்தின் கணக்கை முன்வைத்து

பேரேடு எழுதியது:

பல வருஷம் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவனுக்கு, ரிட்டயர் ஆன பிறகும் அடுத்த சங்கத்தின் கணக்கை எட்டிப் பார்க்கும் ஆசை போகாது. கொஞ்ச நாளாக யுஏடபிள்யூ கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ், 1935-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கார் தொழிலாளர் சங்கம்.

அமெரிக்காவில் 1959-லேயே லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு சங்கமும் வருஷா வருஷம் வரவு செலவை அரசின் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். பெரிய சங்கங்களுக்கான படிவத்தை எல்எம்-2 என்கிறார்கள். தலைவருக்கு என்ன சம்பளம், எந்த வக்கீலுக்கு எவ்வளவு ஃபீஸ், எந்த ஓட்டலுக்கு எவ்வளவு பில், எல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

படித்தவரை என் மனதில் நிற்கும் விஷயம் இது. 1979-ல் உச்சத்தில் 15 லட்சம் உறுப்பினர். இன்று 4 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் 2023 வேலைநிறுத்தத்துக்கு முன்னால் போராட்ட நிதியில் மட்டும் 82.5 கோடி டாலர் இருந்தது. ஆள் குறையக் குறையப் பணம் எப்படி நிற்கிறது? இதைப் பற்றிப் பேசலாமா?

சந்தேகப்பிராணி எழுதியது:

இதில் பேச என்ன சார் இருக்கு? 82.5 கோடி டாலர் என்றால் நம்ம காசில் சில ஆயிரம் கோடி. அது சங்கமா, பேங்கா? போராட்டம் செய்யாமல் சந்தாவை மட்டும் வாங்கி வைத்தால் யாரிடமும் பணம் சேரும்.

டெட்ராய்ட்வாசி எழுதியது:

நான் இங்கே மிச்சிகனில்தான் இருக்கிறேன், ஆனால் சங்க உறுப்பினர் இல்லை, இன்ஜினியரிங் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோர்டில் லைனில் வேலை பார்க்கிறார், அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

சந்தா என்பது இங்கே குறிப்பிட்ட தொகை கிடையாது. ஆரம்ப காலத்தில் மாசம் ஒரு டாலர். 1967-ல்தான் மாசத்துக்கு இரண்டு மணி நேரக் கூலி என்று மாற்றினார்கள். கூலி ஏறினால் சந்தாவும் தானாக ஏறும், ஒவ்வொரு தடவையும் மாநாட்டில் சண்டை போட வேண்டியதில்லை. அதற்கப்புறம் 47 வருஷம் அதில் கை வைக்கவில்லை. 2014 மாநாட்டில்தான் இரண்டரை மணி நேரமாக ஏற்றினார்கள், கூடுதல் அரை மணி நேரம் முழுக்கப் போராட்ட நிதிக்கு.

ஏற்ற வேண்டிய கட்டாயம் என்னவென்றால், 2008-க்குப் பிறகு ஆள் குறைந்து வரவு சுருங்கிவிட்டது. தினப்படி செலவுக்கே முதலீட்டை விற்றார்கள். போராட்ட நிதி 2013 வாக்கில் 60 கோடி டாலர் சுற்றில் வந்து நின்றது. இதற்கு நடுவில் மிச்சிகனில் 'ரைட் டு வொர்க்' சட்டம் வேறு 2013-ல் அமலுக்கு வந்தது. சங்கம் பேசி வாங்கிக் கொடுத்த ஒப்பந்தம் எல்லாருக்கும் உண்டு, ஆனால் சந்தா கட்டுவது அவரவர் இஷ்டம். அந்த நேரத்தில் போய் சந்தாவை ஏற்றியது துணிச்சல்தான். (அந்தச் சட்டத்தை 2023-ல் ரத்து செய்துவிட்டார்கள்.)

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட் எழுதியது:

அண்ணே, இரண்டரை மணி நேரக் கூலி என்றால் எத்தனை சதவீதம் வரும்? எங்கள் பக்கம் சந்தாவை 50-லிருந்து 100 ஆக்கியதற்கே கேன்டீனில் ஒரு வாரம் பேச்சு.

பேரேடு எழுதியது:

தம்பி, மாசம் 173 மணி நேரம் வேலை என்று வைத்தால் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2023 ஒப்பந்தத்துக்கு முன் அசெம்பிளி லைனில் அதிகபட்சக் கூலி மணிக்கு 32 டாலர் சுற்றில், அப்படியானால் சந்தா மாசம் 80 டாலர். நம்ம ஊரில் 2025 வரை சட்டம் சொன்ன குறைந்தபட்ச சந்தா தெரியுமா? 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் 2001-ல் செய்த திருத்தப்படி, கிராமப்புறத் தொழிலாளிக்கு வருஷம் 1 ரூபாய், மற்ற அமைப்புசாரா தொழிலாளிக்கு 3 ரூபாய், மற்ற எல்லாருக்கும் 12 ரூபாய். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. இது குறைந்தபட்சம்தான், கூட வாங்கத் தடையில்லை. ஆனால் பல சங்கங்கள் இந்தத் தரையைவிட்டு அதிகம் மேலே ஏறவே இல்லை. அதனால்தான் நம்மிடம் போராட்ட நிதி என்று ஒன்று கிடையாது. ஸ்டிரைக் என்றால் துண்டேந்தி வசூல், இல்லாவிட்டால் மற்ற சங்கத்துத் தோழர்கள் அரிசி மூட்டை அனுப்புவார்கள்.

சந்தேகப்பிராணி சாருக்கு: '82.5 கோடி' என்பதைத் தனியாகப் பார்த்தால் பேங்க் மாதிரித்தான் தெரியும். 1970-ஐ பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜிஎம்) 4 லட்சம் பேர் வெளியே வந்தார்கள். 67 நாள். கையில் இருந்த போராட்ட நிதி 12 கோடி டாலர் சுமார். ஒரு ஆளுக்கு வாரம் 30-லிருந்து 40 டாலர் உதவித்தொகை. சராசரி 35 என்று போட்டாலே வாரத்துக்கு 1.4 கோடி. எட்டு, ஒன்பது வாரத்தில் கஜானா காலி என்பது முதல் நாளே கணக்குத் தெரிந்தவனுக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். அப்படியே நடந்தது, நிதி துடைத்துப் போய்க் கடன் வாங்கினார்கள். வேலைநிறுத்த காலத்தில் தொழிலாளிகளின் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை ஜிஎம்மே கட்டியது, சங்கம் பிறகு திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சில். எதிராளியிடமே கடன்!

விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் அன்றைய 12 கோடி 2023-ன் 94 கோடிக்குச் சமம். அதாவது 2023-ல் இருந்ததைவிட 1970-ல்தான் சங்கம் பணக்காரச் சங்கம். ஆனால் அன்றைக்கு அந்தப் பணத்தைப் பங்கு போட 14 லட்சம் பேர் இருந்தார்கள்.

கொடிமரம் எழுதியது:

தோழர் பேரேடு எப்போதும் கணக்கிலேயே நின்றுவிடுகிறார். 1936 டிசம்பர் கடைசியில் ஃப்ளின்ட் ஊரில் ஜிஎம் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் போராடியபோது இதே சங்கத்திடம் என்ன நிதி இருந்தது? ஒன்றும் இல்லை. வெளியே பெண்கள் சமைத்து உள்ளே அனுப்பினார்கள். அதில்தான் சங்கத்துக்கே அங்கீகாரம் கிடைத்தது. பணம் சேர்ந்த பிறகுதான் பயம் வருகிறது, 'நிதி போய்விடுமே' என்று.

அப்புறம் ஒரு பழைய கதை. 1918-ல் சென்னையில் வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து நடத்திய மெட்ராஸ் லேபர் யூனியன். அவர்களிடம் பணமே கிடையாது. இருந்தும் பின்னி நிர்வாகம் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, தொழிலாளியை வேலைக்குப் போகாதே என்று சொன்னதற்கு நஷ்டஈடு கேட்டது. தடையுத்தரவும் வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகும் நிலை வந்தது. அந்த அதிர்ச்சியில்தான் தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் பேசி, 1926 சட்டம் வந்தது. நிதி இல்லாத சங்கத்தையும் பணத்தை வைத்துத்தான் மிரட்டினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சந்தேகப்பிராணி எழுதியது:

ஃப்ளின்ட், பின்னி எல்லாம் சரி. நான் கேட்டது இப்போது. 2023-ல் அந்த 82.5 கோடியை வைத்து என்ன செய்தார்கள்?

டெட்ராய்ட்வாசி எழுதியது:

அதைத்தான் சொல்ல வந்தேன், இதில் கணக்கும் போராட்டமும் ஒன்றாகவே போகின்றன.

வேலைநிறுத்தம் ஃபோர்டு, ஜிஎம், ஸ்டெல்லாண்டிஸ் என்ற மூன்று கார் கம்பெனிகளை எதிர்த்து. மூன்றிலும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான உறுப்பினர்கள். உதவித்தொகையை வாரம் 500 டாலராக ஏற்றியிருந்தார்கள் (2019 ஜிஎம் வேலைநிறுத்தத்தில் 250-தான்). எல்லாரும் ஒரே நாளில் வெளியே வந்தால் வாரத்துக்கு 7 கோடி டாலருக்கு மேல். மருத்துவக் காப்பீட்டுச் செலவும் நிதியிலிருந்துதான் போக வேண்டும். உதவித்தொகை மட்டும் என்றாலே 11 வாரம், காப்பீட்டையும் சேர்த்தால் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அதனால் செப்டம்பர் 15 அன்று மூன்றே ஆலைகள். ஃபோர்டின் வேய்ன், ஜிஎம்மின் வென்ட்ஸ்வில், ஸ்டெல்லாண்டிஸின் டொலீடோ. மொத்தம் 13,000 பேர் அளவில். செலவு வாரத்துக்கு 65 லட்சம் டாலர். ஒரு கம்பெனி பேச்சில் இழுத்தால் அதன் இன்னொரு ஆலை. அடுத்து எந்த ஆலை என்று கடைசி நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் மூன்று கம்பெனியோடும் ஒப்பந்தம். முடிவில் 45,000 பேருக்கு மேல் வெளியே இருந்தார்கள். கம்பெனிக்காரர்களால் 'இவர்கள் பணம் எந்த வாரம் தீரும்' என்று காலண்டரில் குறிக்க முடியவில்லை.

பேரேடு எழுதியது:

இதற்கு முன்னோடி 1998. அதே ஃப்ளின்டில் இரண்டு பாகத் தொழிற்சாலைகளில் 9,200 பேர் வேலைநிறுத்தம். 54 நாள். பாகம் வராமல் ஜிஎம்மின் வட அமெரிக்க ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றன. சங்கம் உதவித்தொகை கொடுத்தது 9,200 பேருக்கு, கம்பெனிக்கு நஷ்டம் 200 கோடி டாலர் வரை.

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட் எழுதியது:

இது எங்களுக்கும் புரியும் அண்ணே. பக்கத்தில் சீட் செய்கிற வெண்டார் கம்பெனி ஒரு ஷிஃப்ட் நின்றால் எங்கள் லைன் மதியத்துக்குள் நிற்கும். ஆனால் அங்கே வேலை பார்ப்பதெல்லாம் கான்ட்ராக்ட் பையன்கள், அவர்களை எந்தச் சங்கமும் சந்தா போட்டுச் சேர்க்கவில்லை. சேர்த்தால்தானே நிதி.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாரும் அந்த விஷயத்தைத் தொடாமல் போகிறீர்களே? இரண்டு முன்னாள் தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கேரி ஜோன்ஸ் 28 மாசம், டென்னிஸ் வில்லியம்ஸ் 21 மாசம். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் வில்லா, கோல்ஃப், சுருட்டு, மது எல்லாம் தொழிலாளி காசில். பத்து லட்சம் டாலருக்கு மேல். எல்எம்-2 படிவம் இருந்துதானே இது நடந்தது? உங்கள் 1959 சட்டம் என்ன செய்தது?

பேரேடு எழுதியது:

நல்ல கேள்வி. இந்த இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான்.

நடந்தது இரண்டு தனித்தனித் திருட்டு. முதலாவது, கம்பெனிக் காசில். 1980-களிலிருந்து மூன்று கம்பெனியும் சங்கத்தோடு சேர்ந்து 'கூட்டுப் பயிற்சி மையம்' நடத்தின. பணம் கம்பெனியுடையது, நிர்வாகத்தில் சங்கத்தாருக்கும் இடம். கிறைஸ்லர் (பிறகு ஃபியட் கிறைஸ்லர், இன்று ஸ்டெல்லாண்டிஸ்) மையத்தின் கிரெடிட் கார்டில் சங்கத்து ஆட்கள் சொந்தச் செலவு செய்தார்கள். கம்பெனியின் தொழிலுறவுத் துணைத்தலைவர் அல்ஃபான்ஸ் யாக்கபெல்லி தெரிந்தே விட்டார், தானும் எடுத்தார். 2017-ல் வழக்கு வெளியே வந்தது. ஃபியட் கிறைஸ்லர் கம்பெனியே குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இந்தப் பணம் சங்கத்து உறுப்பினரின் சட்டைப்பையிலிருந்து வரவில்லை, அதனால் எந்த உறுப்பினரும் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். நிர்வாகம் சங்க ஆபீசுக்கு ஏசி போட்டுக் கொடுக்கும், தலைவருக்கு வண்டி கொடுக்கும், மாநாட்டு மலருக்கு விளம்பரம் கொடுக்கும். சந்தாவில் பத்து ரூபாய் குறைந்தால் ஜெனரல் பாடியில் மைக்கைப் பிடுங்குகிறவர்கள், அந்த விளம்பரத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது திருட்டு சந்தாக் காசில்தான். அதை ஓட்டல் பில்லுக்குள் ஒளித்தார்கள். சங்கம் கலிஃபோர்னியாவில் மாநாடு நடத்தும், ஓட்டலில் ஒரே கணக்கு தொடங்கும். வில்லா வாடகையும் சுருட்டும் அந்தக் கணக்கில் ஏறும், ஓட்டல் மொத்தமாக சங்கத்துக்கு பில் அனுப்பும். எல்எம்-2-வில் 'மாநாட்டுச் செலவு, இன்ன ஓட்டல், இவ்வளவு' என்று ஒரு வரி. கூட்டல் சரி, வவுச்சர் உண்டு, ஆடிட்டர் கையெழுத்தும் உண்டு. ஆகவே, சந்தேகப்பிராணி சார், படிவம் பொய் சொல்லவில்லை. ஓட்டலுக்குப் போனது என்றது, ஓட்டலுக்குத்தான் போனது.

கொடிமரம் எழுதியது:

அப்போதும் கேட்கிறேன், இந்த மாநாடுகள் பாம் ஸ்பிரிங்ஸில் எதற்கு? இதே சங்கத்துக்கு வடக்கு மிச்சிகனில் பிளாக் லேக் என்று சொந்தமாகவே பெரிய பயிலகம் இருக்கிறது. அன்றைய சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் ஆசையாகக் கட்டியது. அதைப் பார்க்கப் போகும் வழியில்தான் 1970 மே மாசம் விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். தொழிலாளி குடும்பத்தோடு வந்து தங்கிப் படிக்கட்டும் என்று கட்டிய இடம். பிறகு அங்கே ஒரு கோல்ஃப் மைதானமும் வந்து சேர்ந்தது. வில்லியம்ஸுக்காக ஒரு காட்டேஜும் கட்டினார்கள்!

நெறியாளர்:

அமெரிக்கத் தேர்தல் பற்றி இழைக்கு நடுவே வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சங்கக் கணக்கோடு நிற்கவும்.

டெட்ராய்ட்வாசி எழுதியது:

அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை. அரசோடு சமரசம் செய்து, 2021-லிருந்து ஆறு வருஷத்துக்கு நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளர், நீல் பரோஃப்ஸ்கி என்ற வக்கீல். அவர் ஃபீஸும் சங்கத்துப் பணத்திலிருந்துதான். உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, தலைவரை மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குப் பதில் எல்லா உறுப்பினரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். அப்படி வந்தவர்தான் ஷான் ஃபெயின். 2023 மார்ச்சில், 500 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில்.

ஆனால் முதல் சுற்றில் 10 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுச்சீட்டு போனது (ஓய்வு பெற்றவர்களும் சேர்த்து). திரும்பி வந்தது ஒரு லட்சத்துச் சொச்சம்தான்.

சந்தேகப்பிராணி எழுதியது:

பத்தில் ஒருத்தர்! சந்தா கட்டுகிறவர்களுக்கே அக்கறை இல்லாவிட்டால் கண்காணிப்பாளர் வந்து என்ன ஆகப் போகிறது. புதுத் தலைவர் வந்த பிறகாவது பணம் ஒழுங்காக இருக்கிறதா?

பேரேடு எழுதியது:

புதுத் தலைவர் மேல் திருட்டு வழக்கு இல்லை. ஆனால் ஒரு பொருளாளர் கண்ணுக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, 2023 போராட்டச் செலவுக்காக முதலீட்டில் 34 கோடி டாலர் அளவுக்கு விற்றுப் பணமாக்கினார்கள். போராட்டம் முடிந்ததும் மீந்ததைத் திரும்பப் பங்குச்சந்தையில் போட வேண்டும் என்பது சங்கத்தின் சொந்தக் கொள்கை. ஒரு வருஷத்துக்கு மேல் போடாமல் விட்டுவிட்டார்கள், சந்தை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில். கிடைத்திருக்க வேண்டிய லாபம் 8 கோடி டாலர் வரை போனது என்று 2025-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. கேரி ஜோன்ஸ் கூட்டம் சுருட்டிப் புகைத்ததைப்போலப் பல மடங்கு. அதற்கு ஜெயில் உண்டு, இதற்கு இல்லை.

இன்னொன்று, சங்கத்தின் செயலாளர்-பொருளாளர் மார்கரெட் மாக். செலவுச் சீட்டில் விதிப்படி ஒப்புதல் இல்லை என்றால் திருப்பி அனுப்புகிறவர். 2024 பிப்ரவரியில் அவர் கையிலிருந்த துறைகளைப் பிடுங்கினார்கள், விதியைக் காட்டி வேலையை முடக்குகிறார் என்று. கண்காணிப்பாளர் விசாரித்து, அந்தக் குற்றச்சாட்டு பொய், இது பழிவாங்கல் என்று 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஃபெயின் போராடத் தெரிந்த தலைவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்லும் பொருளாளர் பக்கத்தில் இருப்பது எந்தத் தலைவருக்கும் எரிச்சல். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். தலைவர் டாக்ஸி பில்லை மேஜையில் போட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார், அதில் ஊர் பெயர் எழுதியிருக்காது.

கொடிமரம் எழுதியது:

போராடத் தெரிந்தவன் கையில் பணம் இருப்பதும், பணத்தைக் காக்கத் தெரிந்தவன் கையில் போராட்டம் இருப்பதும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், தோழர். 2024-ல் தெற்கு மாநிலங்களில் சங்கம் கட்ட 4 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் டென்னசி மாநிலத்து சாட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் ஆலைத் தொழிலாளிகள் சங்கம் வேண்டும் என்று போட்ட 73 சதவீத ஓட்டில் ஜெயித்தார்கள். 2014-ல் தோற்ற அதே ஆலை. பங்குச்சந்தையில் போட்டு வைத்திருந்தால் அந்த ஓட்டு வந்திருக்குமா?

பேரேடு எழுதியது:

அந்த 4 கோடியை யார் குறை சொன்னது? நான் சொல்வது சும்மா கிடந்த பணத்தை. 8 கோடி இருந்தால் இரண்டு சாட்டனூகா.

டெட்ராய்ட்வாசி எழுதியது:

அடுத்த மாசமே அலபாமா மெர்சிடிஸ் ஆலையில் தோற்றதையும் சொல்லுங்கள் கொடிமரம் சார். அங்கேயும் பணம் போனது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'சங்கம் ஒரு காலத்தில் கிறைஸ்லரில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்தது' என்று எழுதுகிறார்கள். அது சங்கத்துப் பணமே இல்லை. 2007 ஒப்பந்தப்படி ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் செலவுக்காக அமைத்த தனி அறக்கட்டளை. 2009-ல் கம்பெனிகள் திவாலானபோது ரொக்கத்துக்குப் பதிலாகப் பங்கு கொடுத்தார்கள். சங்கம் அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது.

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட் எழுதியது:

எல்லாரும் பெரிய பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். போன செட்டில்மென்ட் போட்டபோது அரியர்ஸில் ஒரு பங்கு லெவி என்று பிடித்தார்கள். எல்லாரும் எழுதிக் கொடுத்துத்தான் பிடித்தார்கள், தப்பில்லை. ஆனால் அது எந்தக் கணக்கில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சாதாரண உறுப்பினர் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் காட்ட வேண்டுமா, இல்லை கமிட்டி மெம்பர்தான் கேட்க முடியுமா?

பேரேடு எழுதியது:

காட்ட வேண்டும். பழைய 1926 சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படியே கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் நிர்வாகியோ உறுப்பினரோ பார்க்க உரிமை இருந்தது, எந்த நேரத்தில் என்பது சங்க விதியில் இருக்கும். 28-ஆவது பிரிவுப்படி தணிக்கை செய்த கணக்கை வருஷா வருஷம் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2020-ல் கொண்டுவந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்து பழைய சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, பிரிவு எண்தான் மாறியது, இந்த உரிமை அதிலும் இருக்கிறது.

வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். பேரேட்டை முதலில் கேட்க வேண்டாம், பேங்க் பாஸ்புக்கைக் கேளுங்கள். கம்பெனி லெவியைப் பிடித்து சங்கத்துக்குக் கொடுத்த செக்கின் தேதியும் தொகையும் உங்கள் எச்ஆரிடம் இருக்கும். அந்தத் தொகை அதே மாசம் பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட் எழுதியது:

சரி அண்ணே. அடுத்த மாசம் ஜெனரல் பாடி இருக்கிறது, இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டே கொடுக்கிறோம்.

சந்தேகப்பிராணி எழுதியது:

கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கு தம்பி.